மூச்சை எண்ணினார்களா? – வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

வார்டில் சேர்க்கப்பட்டவரின் உடல்நிலை சரியத் தொடங்குவதை முன்கூட்டியே கண்டறிய முடியுமா என்பதைப் பற்றி நோயாளிகளின் குடும்பத்தினரும் செவிலியர்களும் மாணவர்களும் கேட்டிருந்தவற்றை ஒன்றாகத் தொகுத்து, இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட என் மாமனார் மாலையில் எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். இரவு பார்க்க வந்த செவிலியர் ‘எல்லாம் நார்மல்’ என்றார். விடியற்காலையில் மூச்சுத் திணறி ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பிழைத்துக்கொண்டார் என்றாலும், ‘திடீரென்று ஆகிவிட்டது’ என்று மருத்துவர் சொன்னதை எங்களால் ஏற்க முடியவில்லை. இப்படித் திடீரென்று ஆவதுண்டா?

பதில்: உண்டு, ஆனால் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவாக. இதயத் துடிப்பின் ஒழுங்கு ஒரு நொடியில் குலைந்துபோவது, கால் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்து சென்று நுரையீரலை அடைப்பது போன்ற சில நிகழ்வுகள் முன்னறிவிப்பில்லாமல் வரக்கூடியவை. மற்றபடி, வார்டில் இருப்பவர்களின் சரிவு பல மணி நேரம் எடுத்துக்கொண்டுதான் நிகழ்கிறது. 1990-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவமனையில் இருக்கும்போதே இதயம் நின்றுபோன 64 நோயாளிகளின் பதிவேடுகளைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தது. அவர்களில் 84 விழுக்காட்டினருக்கு, இதயம் நிற்பதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள் நிலை மோசமாகிறது என்பதற்கான அறிகுறியோ, புதிதாக ஒரு தொந்தரவு இருப்பதாக நோயாளியே சொன்னதோ அந்தப் பதிவேட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. கவனியுங்கள்: எழுதப்பட்டிருந்தது. எழுதியவரும் இருந்தார், தாளும் இருந்தது. எழுதியதைப் படித்து எழுந்து ஓடியவர்தான் இல்லை.

இது ஏன் கண்ணுக்குத் தப்புகிறது என்றால், உடல் தன் குறையை ஈடுகட்டத் தெரிந்தது. தொற்றோ ரத்த இழப்போ ஏற்பட்டு உறுப்புகளுக்குச் செல்லும் ஆக்ஸிஜன் குறையும்போது, மூச்சு வேகமெடுக்கிறது, இதயம் கூடுதலாகத் துடிக்கிறது, தோலுக்கும் குடலுக்கும் செல்லும் ரத்தக்குழாய்கள் சுருங்கி மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடுகின்றன. இந்த ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும் வரை அவர் பேசுவார், காபி கேட்பார், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றும் சொல்வார். சேமிப்பை எடுத்துச் செலவு செய்யும் வீட்டில் கடைசிப் பணம் தீரும் வரை வெளியாருக்கு ஒன்றும் தெரியாததைப் போன்றது இது. ஈடுகட்டும் திறன் தீர்ந்த பிறகு நடப்பது மட்டும்தான் ‘திடீர்’. உங்கள் மாமனாரின் விஷயத்தில் என்ன நடந்தது என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அந்த இரவில் அவருடைய மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்று யாராவது எண்ணினார்களா என்பதே நான் முதலில் கேட்கக்கூடிய கேள்வி.

கேள்வி: நான் செவிலியர் கல்லூரி மாணவி. வார்டில் எல்லா நோயாளிகளுக்கும் மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் ‘18’ அல்லது ‘20’ என்றே எழுதுகிறார்கள். கேட்டால், ‘பார்த்தாலே தெரியும்’ என்கிறார்கள். மற்ற அளவுகளைக் கருவி காட்டிவிடுகிறது. மூச்சை எண்ணுவதற்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா, டாக்டர்?

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீங்கள் பார்த்தது உங்கள் வார்டின் பழக்கம் மட்டுமன்று. உலகின் பல நாடுகளில், பெரிய மருத்துவமனைகள் உட்பட, பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் பலரும் இதையே கண்டிருக்கிறார்கள். ஒரு வார்டில் முப்பது பேரும் நிமிடத்துக்குச் சரியாக இருபது முறை மூச்சு விடுவது இயற்கையில் நடக்காத காரியம். ரத்த அழுத்தத்துக்குப் பட்டை இருக்கிறது, ஆக்ஸிஜனுக்கு விரலில் மாட்டும் கருவி இருக்கிறது, காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது. மூச்சுக்கு மட்டும் ஒரு மனிதர் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நிமிடம்தான் முதலில் விட்டுப்போகிறது.

ஆனால் சரிவை முதலில் காட்டுவது பெரும்பாலும் அதுவே. காரணம், மூச்சைக் கூட்டுவதற்கு நுரையீரலில் கோளாறு இருக்க வேண்டிய அவசியமில்லை. திசுக்களுக்குப் போதிய ரத்தம் கிடைக்காதபோது அவை ஆக்ஸிஜன் இல்லாமலேயே சக்தியைத் தயாரிக்க முயல்கின்றன. அதனால் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அந்த அமிலத்தைச் சமன்செய்ய உடலுக்கு இருக்கும் மிக விரைவான வழி, கார்பன் டை ஆக்ஸைடை வேகமாக வெளியேற்றுவது, அதாவது மூச்சின் வேகத்தைக் கூட்டுவது. ஆகவே சிறுநீரகத் தொற்று, குடலில் ஓட்டை, உள்ளே நடக்கும் ரத்தக்கசிவு, கட்டுமீறிய சர்க்கரை நோய், இதயம் பலவீனமாவது என்று எங்கே கோளாறு தொடங்கினாலும் அது மூச்சில் வந்து எதிரொலிக்கிறது. ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே இது நிகழ்ந்துவிடுகிறது. ஓய்வாகப் படுத்திருக்கும் ஒரு பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்று கொள்ளலாம். 21-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். 25-ஐத் தொட்டுவிட்டால் அந்த ஓர் எண்ணே மருத்துவரை அழைக்கப் போதுமானது. மறுபக்கத்தில், எட்டும் அதற்குக் குறைவும் அதே அளவுக்கு ஆபத்தானவை.

எண்ணும் முறையில் ஒரு சிறு தந்திரம் உண்டு. ‘உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்’ என்று சொன்னால் எவருடைய மூச்சும் மாறிவிடும். நாடி பார்ப்பதைப் போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை முழுதாக அறுபது நொடி எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு கூடக்குறைய எண்ணினாலும் விடையில் நான்கு மாறிவிடும். இயல்புக்கும் ஆபத்துக்கும் இடையிலுள்ள தூரமே ஐந்துதான் என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் எண்ணைத் தவிர வேறு பலவும் கண்ணில் படும்: கழுத்துத் தசைகளை இழுத்து மூச்சு விடுகிறாரா, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா, வியர்த்திருக்கிறதா, கை சில்லிட்டிருக்கிறதா? ‘பார்த்தாலே தெரியும்’ என்பவர்களிடம் வாதாட வேண்டாம். நீங்கள் எண்ணியதை எழுதுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் என் மகளுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, ஒவ்வொரு முறையும் அளவுகளை எடுத்தபின் செவிலியர் ‘ஸ்கோர்’ என்று ஓர் எண்ணை எழுதினார். அது என்ன? அது தேர்வு மதிப்பெண் போல, கூடினால் நல்லதா?

பதில்: நேர்மாறு, பூஜ்யமே மிக நல்லது. அதற்கு முன்னெச்சரிக்கை மதிப்பெண் என்று பெயர். 1997-இல் இங்கிலாந்தில் முதல் வடிவம் வெளிவந்தது; பிறகு ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென ஒன்றை வைத்துக்கொண்டு குழம்பியதால், லண்டனிலுள்ள ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் நாடு முழுமைக்கும் பொதுவான ஒன்றை வெளியிட்டு, 2017-இல் அதைத் திருத்தியது. சுருக்கமாக ‘நியூஸ்-2’ என்பார்கள். வேறு நாடுகளிலும் அதையோ அதன் சாயலிலான ஒன்றையோ பயன்படுத்துகிறார்கள்.

மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, ரத்த அழுத்தத்தின் மேல் எண், நாடித் துடிப்பு, உடல் வெப்பம், நினைவுத் தெளிவு ஆகிய ஆறுக்கும், இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதற்கேற்ப, பூஜ்யம் முதல் மூன்று வரை கொடுப்பார்கள். நோயாளி ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டிருந்தால் கூடுதலாக இரண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் அதிகபட்சம் 20 வரும்.

இதன் பயன் எங்கே இருக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காட்டிவிடுகிறேன். ஒருவருக்கு மூச்சு 22, ஆக்ஸிஜன் 94, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 108, நாடி 104, வெப்பம் 38.3 செல்சியஸ், தெளிவாகப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இவற்றில் எதைத் தனியாகச் சொன்னாலும் களைத்துப்போன ஒரு மருத்துவர் ‘சரி, பார்ப்போம்’ என்றுதான் சொல்வார். லேசான காய்ச்சல், கொஞ்சம் படபடப்பு, பிபி சற்றுக் குறைவு. மதிப்பெண் போட்டால் மூச்சுக்கு 2, மற்ற நான்குக்கும் தலா 1, நினைவுத் தெளிவுக்கு 0. ஆகக் கூடி 6. அந்த முறைப்படி ஐந்தோ ஆறோ வந்தால் மருத்துவர் உடனடியாக வந்து பார்க்க வேண்டும், குறைந்தது மணிக்கு ஒருமுறை அளவெடுக்க வேண்டும். அதே 94, ஆக்ஸிஜன் வைத்த பிறகுதான் கிடைத்தது என்றால் மதிப்பெண் எட்டாகிவிடும். ஏழும் அதற்கு மேலும் என்றால் அவசரநிலை. தீவிர சிகிச்சையில் தேர்ந்த குழு வர வேண்டும், அளவுகளைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். மொத்தம் குறைவாக இருந்தாலும் ஏதாவது ஒன்றில் மட்டும் மூன்று வாங்கிவிட்டால் அதையும் மணிக்கணக்கில் கவனிக்க வேண்டும்.

இந்த மதிப்பெண் என்ன நோய் என்பதைச் சொல்லாது. அதை நோய் கண்டறியும் கருவி என்று எண்ணியே பலர் அதன்மீது குறை சொல்கிறார்கள். ஐந்து சிறிய விலகல்கள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதை யார் கண்ணுக்கும் தப்பாமல் காட்டுவதும், அப்படிக் காட்டியபின் யார் எத்தனை நேரத்துக்குள் வர வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பதுமே அதன் வேலை.

கேள்வி: பிபி சரியாக இருந்தால் பயப்படத் தேவையில்லை என்பது சரிதானா?

பதில்: சரியன்று. திடகாத்திரமான ஓர் இளைஞர் தன் ரத்தத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை இழக்கும் வரை, படுத்த நிலையில் எடுத்த மேல் எண் இறங்காமலே இருக்கக்கூடும். அதற்குள் நாடி ஏறியிருக்கும், கை கால் சில்லிட்டிருக்கும், சிறுநீர் குறைந்திருக்கும். ஆகவே பிபியைத் தனியாகப் பார்க்காமல் நாடியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாடியை மேல் எண்ணால் வகுத்தால் இயல்பாக 0.5-லிருந்து 0.7 வரை வரும். அது ஒன்றை நெருங்கினால், அதாவது நாடியும் பிபியும் ஏறத்தாழ ஒரே எண்ணாகிவிட்டால், நிலைமை கடுமையாகிறது என்று பொருள். 110 நாடியும் 110 பிபியும் உள்ளவருக்கு ‘பிபி நார்மல்’ என்று சொல்வது அவருக்குச் செய்யும் உதவியன்று.

மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியும் பேசும். டெங்குவில் காய்ச்சல் விட்டதும் எல்லோரும் நிம்மதியடையும் நேரத்தில்தான் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிவது உச்சத்தை அடைகிறது. அப்போது மேல் எண் அசையாமல் நிற்க, கீழ் எண் மேலேறி, இடைவெளி 20-க்குச் சுருங்கிவிடும். 100-க்கு 80 என்பது பார்ப்பதற்கு அழகான பிபி. டெங்கு நோயாளியிடம் அது, உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் குன்றும் அதிர்ச்சி நிலையின் (ஷாக்) தொடக்கம்.

இன்னொன்றும் உண்டு. வழக்கமாக 170 இருக்கும் ஒருவருக்கு 115 என்பது வீழ்ச்சி. ஆனால் மதிப்பெண் அட்டை அதற்குப் பூஜ்யம் கொடுக்கும். அட்டைக்கு அவருடைய பழைய எண் தெரியாது. உங்களுக்குத் தெரியும், சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆக்ஸிஜன் வைத்திருக்கும் என் தந்தைக்கு விரல் கருவியில் 98 காட்டுகிறது. இதைவிட என்ன வேண்டும் என்று நினைக்கிறோம். சரியா?

பதில்: எவ்வளவு ஆக்ஸிஜன் கொடுத்து அந்த 98 கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுத் தகவல். நேற்று நிமிடத்துக்கு இரண்டு லிட்டரில் 98, இன்று எட்டு லிட்டரில் 98 என்றால், கருவியில் எண் மாறவில்லை. உங்கள் தந்தையின் நுரையீரல் மாறியிருக்கிறது.

மற்றோர் ஏமாற்றமும் இருக்கிறது. அந்தக் கருவி ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறியிருப்பதைக் காட்டுமே தவிர, கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுகிறதா என்பதைக் காட்டாது. அறுவை சிகிச்சைக்குப் பின் மார்ஃபின் போன்ற வலிமருந்து பெற்றவர் நிமிடத்துக்கு ஆறு முறை மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு ஆழ்ந்த மயக்கத்துக்குள் போய்க்கொண்டிருக்கும்போதும், முகத்தில் ஆக்ஸிஜன் இருந்தால், திரையில் நல்ல எண்ணே நிற்கும். ‘நன்றாகத் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம்’ என்று குடும்பத்தினர் மகிழ்வதும் இந்த வேளையில்தான். இதற்கு நேர் எதிராக, நீண்டகால நுரையீரல் அடைப்பு நோய் காரணமாக ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு தேங்கும் தன்மை உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும்; அவர்களுக்கு அளவுக்கு மீறி ஆக்ஸிஜன் கொடுப்பது தீங்கு. அதற்காகவே 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தனி அளவுகோல் ஒன்று சேர்க்கப்பட்டது. அதை யாருக்குப் பயன்படுத்துவது என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்வார்.

கை குளிர்ந்திருந்தால், நகப்பூச்சு இருந்தால், விரல் ஆடிக்கொண்டிருந்தால் கருவி தடுமாறும். தோலின் நிறமும் ஒரு காரணம். 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் தமனி ரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 விழுக்காட்டு அளவீடுகளிலும், வெள்ளையர்களில் 3.6 விழுக்காட்டு அளவீடுகளிலும் காணப்பட்டது. கருந்தோல் உடைய எவருக்கும் 93 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியடைவதற்கு முன் ஆளையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கேள்வி: இடுப்பு எலும்பு முறிவுக்காகச் சேர்க்கப்பட்ட என் அம்மா, மூன்றாம் நாள் இரவு, இறந்துபோன தன் அக்காவிடம் பேசத் தொடங்கினார். ‘வயதானால் இப்படித்தான்’ என்றார்கள். அப்படியா?

பதில்: முன்பு அப்படிப் பேசாத ஒருவர் ஓரிரு நாளில் அப்படிப் பேசத் தொடங்கினால், அதை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. புதிதாக வந்த குழப்பம் என்பது மூளைக்கு ஆக்ஸிஜனோ ரத்தமோ சர்க்கரையோ சோடியமோ சரிவரக் கிடைக்காததால் இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மருந்தின் விளைவு, வெளியேறாமல் தேங்கிய சிறுநீர் என்று எதுவாகவும் இருக்கலாம். நான் சொன்ன மதிப்பெண் முறையின் முதல் வடிவத்தில் விழித்திருக்கிறாரா, கூப்பிட்டால் திரும்புகிறாரா என்பதை மட்டுமே பார்த்தார்கள். 2017-இல் ‘புதிய குழப்பம்’ தனியாகச் சேர்க்கப்பட்டு, அதற்கு நேராக மூன்று மதிப்பெண் வைக்கப்பட்டது. ஆளைப் பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்தால் எளிதில் தவறிப்போகும் அளவு இது என்பதால், அந்தத் திருத்தம் மிக நியாயமானது என்பது என் கருத்து.

குழப்பம் எப்போதும் புலம்பலாக வருவதில்லை. சத்தம் போடுபவரை எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள்; சாப்பிடாமல், பதில் சொல்லாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்பவர் ‘தொந்தரவில்லாத நோயாளி’ ஆகிவிடுகிறார். இரண்டாம் வகையே அதிகம் தப்பிப்போகிறது. இது புதியதா பழையதா என்று சொல்லக்கூடியவர் வார்டில் நீங்கள் ஒருவர்தான். ‘அம்மா நேற்று வரை இப்படிப் பேசவில்லை’ என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு மருத்துவ மதிப்பு உண்டு. அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: காய்ச்சல் இல்லையென்றால் தொற்று இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. முதியவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும், நோய் எதிர்ப்புத் திறன் குன்றியவர்களுக்கும் கடுந்தொற்றிலும் வெப்பம் ஏறாமல் இருக்கும். தொற்றுக்கு எதிராக உடல் கட்டுமீறிச் செயல்பட்டுத் தன் உறுப்புகளையே பாதிக்கும் செப்சிஸ் என்ற நிலையில், உடல் குளிர்ந்துபோவது காய்ச்சலைவிடக் கெட்ட அறிகுறி. மதிப்பெண் முறையில் 39.1-க்கும் அதற்கு மேலும் 2 கொடுத்துவிட்டு, 35-க்கும் அதற்குக் கீழும் 3 கொடுத்திருப்பது அதனால்தான். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களின் நாடியும் இதேபோல ஏறாமல் ஏமாற்றும்.

கேள்வி: இதையெல்லாம் இனி கணினியும் செயற்கை நுண்ணறிவும் பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே?

பதில்: ஓரளவுக்குப் பார்த்துக்கொள்ளும்; ஆனால் செய்திகளில் வரும் அளவுக்கு அன்று. அமெரிக்காவில் பல நூறு மருத்துவமனைகளில் நிறுவப்பட்டிருந்த ஒரு செப்சிஸ் எச்சரிக்கை நிரலை, மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வாளர்கள் தங்கள் நோயாளிகளை வைத்துச் சோதித்து, 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 விழுக்காட்டினரை அது தவறவிட்டிருந்தது. அதே நேரத்தில், சேர்க்கப்பட்டவர்களில் 18 விழுக்காட்டினருக்கு அது எச்சரிக்கை மணி அடித்திருந்தது. வேண்டிய இடத்தில் ஒலிக்காமல் வேண்டாத இடத்தில் ஒலிக்கும் மணியைச் செவிலியர்கள் சில நாட்களில் காதில் வாங்காமல் விட்டுவிடுவார்கள். அதில் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

மறுபக்கத்தில், வடக்குக் கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே நிறுவனத்தின் 21 மருத்துவமனைகளில் நடத்தப்பட்ட ஏற்பாடு 2020-இல் வெளியான ஆய்வில் நல்ல பலனைக் காட்டியது. எச்சரிக்கப்பட்ட நோயாளிகளிடையே இறப்பு குறைந்திருந்தது. அங்கே கணினி அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் சரியக்கூடியவர்களைக் குறித்துக் காட்டியது. ஆனால் அந்த எச்சரிக்கை நேராக வார்டுக்குப் போகவில்லை. தொலைவில் அமர்ந்திருந்த அனுபவமிக்க செவிலியர்கள் முதலில் அதைப் பார்த்துச் சலித்து, தேவையானவற்றை மட்டும் வார்டின் அவசரக் குழுவுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். என் பார்வையில், அந்தத் திட்டத்தின் வெற்றியில் கணக்குப் போட்ட நிரலுக்கு எவ்வளவு பங்கோ, நடுவில் உட்கார்ந்திருந்த அந்தச் செவிலியர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. எத்தனை நுட்பமான நிரலாக இருந்தாலும், எண்ணாமல் எழுதப்பட்ட ‘20’ அதற்குள் போனால் வெளியே வருவதும் அந்தத் தரத்தில்தான் இருக்கும்.

கேள்வி: நான் பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகாத செவிலியர். நோயாளியின் நிலை சரியில்லை என்று தோன்றி இரவு டியூட்டி டாக்டரை அழைத்தால், ‘இதற்கெல்லாமா கூப்பிடுவாய், காலையில் பார்க்கலாம்’ என்கிறார். அடுத்த முறை அழைக்கத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது, டாக்டர்?

பதில்: இந்தத் தயக்கம்தான் முன்னெச்சரிக்கை முறைகள் அனைத்தும் உடைந்துபோகும் இடம். அளவெடுக்கத் தெரியாததால் தவறும் உயிர்களைவிட, அழைக்கத் தயங்கியதால் தவறும் உயிர்கள் அதிகம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனை 1990-இல் இதற்கு ஒரு தீர்வைக் கண்டது. இதயம் நின்றபின் ஓடிவரும் குழுவை, நிற்பதற்கு முன்பே வரவழைத்தால் என்ன என்று யோசித்தார்கள். குறிப்பிட்ட எண்களைத் தாண்டினால், யாருடைய அனுமதியும் இல்லாமல், எந்தச் செவிலியரும் அந்தக் குழுவை நேரடியாக அழைக்கலாம். எண்கள் ஒன்றும் மாறாமல், ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்பது மட்டுமே காரணமாக இருந்தாலும் அழைக்கலாம் என்ற ஒரு வரியை இத்தகைய குழுக்களின் விதிகளில் சேர்த்திருப்பதுதான் அவற்றின் சிறப்பு. அனுபவமுள்ள செவிலியரின் கவலை, அளவுகள் மாறுவதற்கு முன்பே வந்துவிடுவதைப் பின்னாளில் பல ஆய்வுகள் காட்டின.

ஆனால் விதி எழுதுவது மட்டும் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் 23 மருத்துவமனைகளில் நடந்து 2005-இல் வெளியான மெரிட் என்ற பெரிய ஆய்வில், குழு அமைத்த மருத்துவமனைகளுக்கும் அமைக்காதவற்றுக்கும் இடையே எதிர்பாராத இறப்புகள் உள்ளிட்டவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அழைப்பதற்கான எண்களைத் தொட்ட நோயாளிகளில் பலருக்கு யாருமே அழைக்கவில்லை என்பதும் அதில் வெளிப்பட்டது. இதைக் குழுக்களின் தோல்வி என்று சிலர் படித்தார்கள். தொலைபேசியை எடுக்கத் தயங்கிய கைகளின் கதை என்று நான் படிக்கிறேன்.

உங்கள் நிலையில் உடனே செய்யக்கூடியது, பேசும் முறையை மாற்றுவது. ‘ஐந்தாம் படுக்கைக்காரர் கொஞ்சம் டல்லாக இருக்கிறார், சார்’ என்றால் எதிர்முனையில் இருப்பவர் தூக்கத்துக்குத் திரும்பிவிடுவார். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘சார், ஐந்தாம் படுக்கை, நிமோனியாவுக்காக நேற்றுச் சேர்ந்தவர். மாலை ஆறு மணிக்கு மூச்சு 18, நாடி 88, மதிப்பெண் 1. இப்போது மூச்சு 26, ஆக்ஸிஜன் இல்லாமல் 93, பிபி 104, நாடி 118, வெப்பம் 38.4, மதிப்பெண் 9. செப்சிஸாக இருக்குமோ என்று கவலைப்படுகிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும். வருவதற்குள் என்ன தொடங்கட்டும்?’ யார், என்ன பின்னணி, எப்படி மாறியிருக்கிறது, என்ன வேண்டும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்பட்ட முறை இது. அங்கிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. முக்கியமானது கடைசிப் பகுதி: தகவல் சொன்னதோடு நிறுத்தாமல், வரச் சொல்லிக் கேட்பது. அழைத்த நேரத்தையும் கிடைத்த பதிலையும் எழுதிவையுங்கள். அவர் வரவில்லையென்றால் அவருக்கு மேலுள்ளவரை அழையுங்கள். அழைக்கும் முன் உங்கள் பொறுப்புச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.

டியூட்டி மருத்துவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: பத்து அழைப்புகளில் எட்டு வீணாகத்தான் இருக்கும். அந்த எட்டுக்கும் எரிச்சல் காட்டினால் மீதி இரண்டும் வராது.

கேள்வி: நோயாளியின் குடும்பத்தினராகிய நாங்கள் கவலையைச் சொன்னால், ‘உங்களுக்கு என்ன தெரியும்’ என்கிறார்கள். எங்களுக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: சில நாடுகளில் இதற்கென்றே விதி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ‘ரயன் விதி’ என்றும், இங்கிலாந்தில் 2024 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த ‘மார்த்தா விதி’ என்றும் பெயர். இரண்டும், பெற்றோரின் எச்சரிக்கை போதிய அளவில் கேட்கப்படாமல் மருத்துவமனையில் இறந்துபோன குழந்தைகளின் பெயரால் அமைந்தவை. மார்த்தா விதிப்படி, குடும்பத்தினர் எந்த நேரத்திலும் வார்டைச் சாராத வேறொரு தீவிர சிகிச்சைக் குழுவை அழைத்து மறுபரிசோதனை கேட்கலாம். அதோடு, நோயாளியின் நிலை நேற்றைவிட எப்படி இருக்கிறது என்று அவரிடமும் குடும்பத்தினரிடமும் நாள்தோறும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். அந்த இரண்டாவது அம்சம் விளம்பரம் பெறவில்லையே தவிர, முதலாவதைவிட அதிகப் பயன் தரக்கூடியது என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய விதி இல்லாத இடத்தில், கோபத்தைவிட விவரம் அதிகம் உதவும். ‘அவருக்கு என்னவோ போலிருக்கிறது’ என்பதோடு நிற்காமல், எப்போதிலிருந்து, எது மாறியது என்று சொல்லுங்கள்: மதியத்திலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை, கழிப்பறை வரை நடந்தவர் இப்போது உட்காரும்போதே மூச்சு வாங்குகிறார், என் பெயரை மாற்றிச் சொல்கிறார். மூச்சை ஒரு நிமிடம் எண்ண உங்களாலும் முடியும். ‘இப்போது மதிப்பெண் எவ்வளவு, மாலையில் எவ்வளவு இருந்தது?’ என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை. அதற்குப் பதில் இல்லையென்றால் பொறுப்புச் செவிலியரையும், பிறகு மூத்த மருத்துவரையும் கேளுங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதே எண்கள்தானா?

பதில்: இல்லை. ஒரு வயதுக் குழந்தை நிமிடத்துக்கு 30 முறை மூச்சு விடுவது இயல்பு; பெரியவருக்கு அது அவசரநிலை. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும், கருவுற்று 20 வாரம் கடந்தவர்களுக்கும் மேலே சொன்ன அட்டையைப் பயன்படுத்தக் கூடாது; அவர்களுக்கென்று தனி அட்டைகள் இருக்கின்றன.

கேள்வி: நன்றாகத் தேறிவிட்ட நோயாளியையும் நள்ளிரவில் எழுப்பிப் பிபி பார்க்கிறார்கள். தூக்கமும் மருந்துதானே?

பதில்: மருந்துதான். மதிப்பெண் பூஜ்யமாக இருப்பவருக்குக் குறைந்தது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றே நியூஸ்-2 சொல்கிறது. ஒன்று முதல் நான்கு வரை இருந்தால்தான் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பும் வழக்கம் நோயாளிக்காக அன்றிப் பணிமுறைக்காக ஏற்பட்டது. அறுவை சிகிச்சை முடிந்த முதல் இரவு, புதிதாகச் சேர்ந்த முதல் நாள், மார்ஃபின் போன்ற மருந்து ஓடிக்கொண்டிருக்கும் நேரம் ஆகியவற்றில் எழுப்புவதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில், இரவு அளவுகளைத் தவிர்க்க முடியுமா என்று மாலைச் சுற்றில் மருத்துவரிடம் கேட்கலாம். சம்மதித்தால் அதை அவர் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், இல்லையென்றால் இரவுப் பணிக்கு வரும் செவிலியர் எழுப்பத்தான் செய்வார்.